மேடு ஏறும் ஜீப்பும் புகைச் சான்றும்

பழைய டீசல் ஜீப் எதனால் புகைச் சோதனையில் தோற்கப்போகிறது என்பதை, அது பட்டறைக்குள் நுழையும்போதே முக்கால்வாசி சொல்லிவிடலாம். கரும்புகை கக்கினால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. நீலம் கலந்திருந்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. இல்லையென்றால் எங்கோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கருவி காட்டும் எண் இதற்கெல்லாம் பிறகுதான்.

நான் வேலை பார்ப்பது போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம், பூப்பாறை வட்டாரத்தில். இங்கே பழைய ஜீப் என்றால் பெரும்பாலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ட்ரிப் ஜீப்தான். தேனி மாவட்டத்துக் கிராமங்களில் விடியும் முன்பே வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்பும். போடியில் வாங்கிய சான்று இங்கேயும் செல்லும். நாடு முழுவதற்கும் ஒரே சான்றுதான். ஆனால் பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வருவதற்கு முந்தைய வண்டிக்குச் சான்றின் ஆயுள் ஆறே மாதம். அது முடிந்ததைக் கவனிக்காமல் மலையேறி வந்தவர்கள் எங்களிடம் ஓடிவருகிறார்கள். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம் என்பதால், தினக்கூலிக்கு ஓட்டுபவருக்கு அந்தப் பதற்றம் நியாயமானதுதான்.

சோதனையில் மர்மம் எதுவும் இல்லை. எஞ்சினைச் சூடேற்றி, சைலன்சருக்குள் கருவியின் குழாயை நுழைத்து, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்க வேண்டும். 43 சென்டிமீட்டர் நீளத்துக்கு நிரம்பிய புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் கணக்கு. பல முறை மிதித்துச் சராசரி எடுப்போம். பிஎஸ் 4 டீசல் வண்டிக்கு எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. அதற்கு முந்தையதற்கு 65. அதாவது நூற்றில் 65 பங்கு ஒளி மறைந்தாலும் தேர்ச்சி. பழைய வண்டி என்பதற்காகத் தாராளமாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிப் புகைக்கும் ஜீப்பைச் சான்றுக்காக மட்டும் சரிசெய்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

தோற்றதும் ஓட்டுநர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்கி வை, தம்பி. சான்று வாங்கியதும் நானே ஏற்றிக்கொள்கிறேன்.” டீசல் பம்பில் எரிபொருளின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். இங்கே ஏறி இறங்கும் ஜீப்புகளில் அந்த முத்திரை அப்படியே இருப்பதைப் பார்ப்பது அரிது. ஆள் அதிகமாக ஏற ஏற ஸ்க்ரூவையும் ஏற்றிவைக்கிறார்கள், இழுவை கிடைக்கும் என்று.

மலையில் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு தடவையும் உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பம்ப் மட்டும் அடிவாரத்தில் ஊற்றிய அதே டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேலும் ஏற்றினால் அதை எரிக்கத் தேவையான காற்றுக்கு எங்கே போவது? கூடுதல் டீசலில் பெரும்பகுதி கரியாகிறது, எஞ்சின் கொதிக்கிறது, ஆயில் சீக்கிரம் கறுக்கிறது.

மழைக்காலம் முடிந்த சமயம், போடியிலிருந்து ஓர் அண்ணன் கொண்டுவந்த ஜீப்பில் இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட முடிந்தது. அடியில் ஆயில் ஊற்றும் பழைய மாதிரி ஏர் ஃபில்டர் அது. ஆயில் மண்ணோடு கலந்து கெட்டிச் சேறாகியிருந்தது. பிறகு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் டெஸ்டரில் மாட்டினேன். நல்ல நாசில், உரிய அழுத்தம் வந்ததும் கிர்ரென்று அதிர்ந்து டீசலைப் பனித்தூறலாகச் சிதறடிக்கும். அழுத்தம் நின்றதும் முனை உலர்ந்திருக்கும். இவருடைய முதல் நாசில் சத்தமே இல்லாமல் ஒரு பக்கமாக ஒழுகியது. கைப்பிடியை விட்ட பிறகும் முனையில் ஒரு சொட்டு தங்கி, பெருத்து, விழுந்தது. அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். “இதற்குத்தான் நான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேனா?” என்றார்.

நாசில்களை மாற்றினோம். பம்பைத் தேனிக்கு அனுப்பி, அளவைச் சரிபார்த்து, புது முத்திரையோடு வாங்கிப் பூட்டி, டீசல் பாயும் நேரமான டைமிங்கும் வைத்தோம். மறுசோதனையில் எண் எல்லைக்கு நன்றாகக் கீழே வந்தது. இழுவை போய்விடும் என்றுதான் அவர் பயந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் வந்து, முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போதும் இரண்டாவதிலேயே ஏறுகிறது என்றார்.

சான்றைவிட எனக்கு முக்கியம், வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து வருபவர்கள். பின்புறம் திறந்த ஜீப் மெதுவாக மேடு ஏறும்போது, அதன் புகை சுழன்று உள்ளேதான் வருகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிப்படுத்தியது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி இறங்கும் அக்காமார் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த இருமலே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

எல்லா ஜீப்பும் நாசிலோடு முடிவதில்லை. இப்போது பட்டறையில் நிற்கும் ஒன்று நீலமாகப் புகைக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரும் அகன்றுவிட்டது. எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். ஓட்டுநர் ஒப்புக்கொள்கிறார், ஆனால் வண்டி அவருடையது அல்ல. இந்தப் பருவம் முடியட்டும், அதுவரை எப்படியாவது சான்று மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்கிறார் முதலாளி. தேய்ந்த ரிங்கைக் கழற்றி அவருக்கே அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.