பதினாறு அடுக்குகள்

மார்ச் 3, திங்கள்
சித்தப்பாவின் கிட்டங்கியில் பார்சல்களை ஊர்ப் பெயர்ப்படி பதினாறு அடுக்குகளில் பிரிக்க ஒரு நிரல் எழுதுகிறேன்: பெயரை ஓர் எண்ணாக்கி (அதுதான் ஹேஷ்), அடுக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மீதி அடுக்கைச் சொல்லும். நேற்றிரவு 11-ஆம் அடுக்கைக் காட்டிய அதே ஊர்ப் பெயருக்கு, அப்பா படுத்திருக்கும் வார்டு வாசலில் மடிக்கணினியைத் திறந்தபோது 4 என்று வந்தது. எழுத்துச் சரங்களின் ஹேஷை ஒவ்வோர் ஓட்டத்திலும் வேறு விதை எண்ணிட்டுக் கணக்கிடுவது பைத்தான் நிரல்மொழியில் 3.3 பதிப்பு முதல் உள்ள வழக்கம் என்று தெரிந்திருந்தும், அதையே எடுத்தாண்டது என் சோம்பல். எப்போதும் ஒரே விடை தரும் எஃப்என்வி-1ஏ என்ற ஹேஷ் முறைக்கு மாறிவிட்டேன்: 2166136261-இல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் எக்ஸார் செய்து (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 இட்டு), 16777619-ஆல் பெருக்கி, 32 பிட்டுக்குள் நிறுத்தினால் போதும், பத்து வரிகூட ஆகவில்லை.
அப்பா தூங்குகிறார்.

மார்ச் 4, செவ்வாய்
அப்பா சோழவந்தான் வெற்றிலை கேட்டார். மருத்துவர் கூடாது என்றிருக்கிறார். 256 வெற்றிலையைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆறு பேருக்கு 26, நால்வருக்கு 25 கிடைக்கும். 256 மதிப்புகளில் ஒன்றைக் கொள்ளும் ஒரு பைட்டைப் பத்தால் வகுத்து மீதியை எடுத்தாலும் இதே ஓரவஞ்சனைதான். 32 பிட்டில் அது கண்ணுக்கே தெரியாது. அடுக்குகள் 16 என்றால் மிச்சமே விழாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

மார்ச் 5, புதன்
அப்பாவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்
கோரிப்பாளையத்துப் பார்சல்கள் இரண்டு அடுக்குகளில் கிடக்கின்றன என்று சித்தப்பா கிட்டங்கியிலிருந்து கத்தினார். மாலைவரை ஹேஷைத்தான் சந்தேகித்தேன், அது நிரபராதி. ஒருவரின் விசைப்பலகை ‘கோ’வைக் ககரமும் ஓகாரக் குறியுமாக ஆறு பைட்டில் இட, மற்றவருடையது ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் எனப் பிரித்து ஒன்பது பைட்டில் இட்டிருக்கிறது, திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. ஹேஷ் எடுக்குமுன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றும் ஒரே வரியில் தீர்ந்தது. தமிழில் பெயர் எழுதுகிறவன் முதல் நாளே இதை நினைத்திருக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி
புதிதாக ஒரு கட்டில் போடுவதற்காக வார்டில் எல்லோரையும் இடம் மாற்றினார்கள். அப்பாவுக்கு ஜன்னல் போயிற்று. சித்தப்பாவும் பதினேழாவது அடுக்கு வேண்டும் என்கிறார். மீதி முறையில் ஊர்ப் பெயர்களில் ஏறத்தாழப் பதினேழில் பதினாறு பங்கு இடம் மாறிவிடும். 2014-இல் லாம்பிங்கும் வீச்சும் வெளியிட்ட ஜம்ப் ஹேஷ் என்ற முறையில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்குதான் நகரும், அதுவும் புதிய அடுக்குக்கே.

மார்ச் 8, சனி
வார்டு ஏட்டில் அப்பாவின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னாலும், ஆய்வகத் தாளில் பின்னாலும் இருக்கிறது. மூன்று நாளாக முடிவு ‘கிடைக்காத’ காரணம் அதுதான். இதற்கு என்எஃப்சி உதவாது. நான்கு மணிக்குத் தாளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பதினேழாம் அடுக்குக்கான நிரல் சோதனையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.