‘செல்லாத பணம்’ நாவலும் எங்கள் தீக்காய வார்டும்

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேச எடுத்த அன்று கூட்டம் வழக்கத்தைவிட வெகுநேரம் நீண்டது. “படித்து முடிக்கவே முடியவில்லை” என்று பலர் சொன்னார்கள். சிலர் அதைக் குறையாகச் சொன்னார்கள், சிலர் பாராட்டாகச் சொன்னார்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் தீக்காயப் பிரிவுச் செவிலியர். இந்த நாவலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் என் மனசு நேராக வார்டுக்குத்தான் போகிறது. அதனால் அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. பேச நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேவதி பொறியியல் படித்தவள், பள்ளித் தலைமையாசிரியர் நடேசனின் மகள். ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டாரின் எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில வருஷம் கழித்து உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறாள். நாவலில் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில், அவள் குடும்பம் காத்திருக்கும் இடத்தில் நடக்கிறது. க்ரியா பதிப்பகம் 2018இல் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குத்தான்.

முதல் குறையைச் சொன்னவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். நிறையப் படித்தவர், அவர் பேச்சுக்கு எங்கள் வட்டத்தில் மரியாதை உண்டு. “ஒரே புலம்பல். அம்மா அழுகிறாள், அப்பா அழுகிறார், திரும்ப அம்மா அழுகிறாள். சொன்னதையே சொல்கிறார்கள். பாதியாகச் சுருக்கியிருந்தால் நல்ல நாவல்” என்றார். தலையாட்டியவர்கள் நிறையப் பேர்.

அவர் சொன்னது உண்மைதான். நாவலில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் எங்கள் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வரும்போதெல்லாம் கேட்கிற கேள்விகளும் அவைதான். “எத்தனை பெர்சன்ட் சிஸ்டர்?” பத்து நிமிஷத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லியிருப்பார். அப்பா கேட்டுவிட்டுப் போவார், பின்னாலேயே சித்தப்பா வருவார், அவர் போனதும் அப்பாவே மறுபடி வருவார். உடம்பில் எத்தனை சதவீதம் எரிந்திருக்கிறது என்று பார்க்கிற எங்கள் கணக்கு எளிமையானது. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்னுடம்பு 18, பின்னுடம்பு 18 என்று கூட்டிக்கொண்டே போவோம். எவ்வளவு நீர் ஏற்றுவது என்பது அந்தச் சதவீதத்தை வைத்துத்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சதவீதம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்குச் சுமார் 8 லிட்டர், அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. “எத்தனை மணிக்கு நடந்தது?” என்று நாங்கள் அவசரமாகக் கேட்பது அதனால்தான். போலீஸ் விசாரணை என்று நினைத்துப் பயந்துபோய் நேரத்தை மாற்றிச் சொல்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்குக் கணக்காக இருக்கிற அந்த எண் வாசலில் நிற்கிறவர்களுக்கு உயிர். அதனால்தான் திரும்பக் கேட்கிறார்கள். இந்தத் தடவை யாராவது குறைத்துச் சொல்ல மாட்டார்களா என்று கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். பெரிய தீக்காயத்தோடு வருகிறவர்கள் பலர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள். பெயர் சொல்வார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரிப்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். தோலின் ஆழம்வரை எரிந்த இடத்தில் நரம்பும் போய்விடுவதால் அங்கே வலி அதிகம் தெரியாது. மேலாகப் பட்ட இடம்தான் துடிக்க வைக்கும். இது தெரியாமல், “நல்லாத்தான் பேசுறா, வலிகூட இல்லைங்கிறா” என்று அம்மா வெளியே போய்ச் சொல்லுவாள். வாசலில் இருக்கிற எல்லார் முகமும் மாறும். ஊருக்குப் போன் போகும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும், கிருமி ரத்தத்தில் ஏறும், பேச்சு குழறும். அப்போது அவர்கள் முதலிலிருந்து தொடங்குவார்கள். அன்றைக்குப் போன் வந்ததே, அப்போதே போயிருக்கலாமே, அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இருந்திருக்கலாமே, சம்மதித்திருக்கலாமே. துக்கத்தில் இருக்கிறவர்களின் பேச்சு முன்னே போகாது, நடந்ததையே சுற்றிவரும். இமையம் அதை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே எழுதியிருக்கிறார். பாதியாகச் சுருக்கியிருந்தால் படிக்க வசதியாக இருந்திருக்கும், அந்த வாசல் இருந்திருக்காது. இது என் அழுத்தமான கருத்து.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று மஞ்சள் பையைப் பிரித்துக் காட்டிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். நடேசனும் அந்த இடத்தில்தான் நிற்கிறார். தோலை ஒட்டவைக்க நோயாளியின் சொந்தத் தோல்தான் நிலைக்கும், உடம்பில் பெரும்பகுதி எரிந்துபோனால் எடுப்பதற்கே நல்ல தோல் மிஞ்சுவதில்லை. இதை ஒரு தகப்பனிடம் விளக்கிச் சொல்வது என் வேலையிலேயே கடினமான பகுதி.

எங்கள் வட்டத்துக்கு வரும் ஓர் அம்மா, விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அவர் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப வாசித்ததாகச் சொன்னார். “என் பையன் போனப்போ ரெண்டு வாரத்துல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. இதுல இருக்கிறவங்க நிறுத்தலை” என்றார். அவ்வளவுதான் சொன்னார், பிறகு கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் தோழியோ நாவலைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டாள். “எட்டு மணி நேரம் அங்கே நிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதையே படிக்கணுமா?” அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் வற்புறுத்தவில்லை. எனக்கு இந்தப் புத்தகம் உதவியது என்றால், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்க்க வைத்தது. ‘சிஸ்டர் எதுவும் சொல்லாமல் போகிறாள்’ என்று அவர்கள் பார்க்கிற அந்த சிஸ்டர் யார் என்று தெரிந்தது. இப்போதெல்லாம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வாசலில் நின்று, “இப்ப தூங்குறாங்க, டாக்டர் பதினோரு மணிக்கு வருவார்” என்றாவது சொல்லிவிட்டுப் போகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது இன்னொரு கருத்தில். பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒருவர், இந்த நாவலைக் கல்லூரி போகும் தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். “பெத்தவங்க பேச்சைக் கேக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியட்டும்” என்றார். இதே காரணத்துக்காக நாவலை வெறுத்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். பெற்றோர் பக்கமே நின்று எழுதப்பட்டது, காதல் கல்யாணத்துக்கு எதிரான எச்சரிக்கையாகத்தான் இது போய்ச் சேரும் என்றார்கள். எதிரெதிராக உட்கார்ந்திருந்த இரண்டு தரப்பும் நாவலை ஒரே மாதிரி படித்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். அந்த விசாரணைக்காக எங்கள் வார்டுப் பதிவேடு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது. அந்தப் பெண்களில் பலருக்குப் பெற்றோரே மாப்பிள்ளை பார்த்து, ஜாதகம் பார்த்து, நகை போட்டுச் செய்துவைத்த கல்யாணம். காதலித்ததால் எரிந்தாள் என்று சொல்ல எங்கள் பதிவேட்டில் ஆதாரம் இல்லை. நாவலிலும் இல்லை. நடேசன் மகளோடு பேசாமல் இருந்த வருஷங்கள் அதில் இருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பிவர ஒரு வழி திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. ரவி பேசுவதற்கும் நாவலில் இடம் இருக்கிறது. புத்தகத்தை மகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த அப்பா தான் ஒருமுறை நடேசனைப் படிக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னேன். அன்றைக்கு நான் குரலை உயர்த்திச் சொன்னது அது ஒன்றுதான். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தார்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஓர் இளம்பெண் கூடவே வந்தாள். முதுகலைத் தமிழ் படிக்கிறவள். அவளுடைய குறை வேறு. “அக்கா, எல்லாரும் ரேவதியைப் பத்திப் பேசுறாங்க. ரேவதி எங்கே பேசுறா? ஏன் அவனைக் கட்டினா, உள்ளே என்ன பட்டான்னு அவ வாயால வரவே இல்லையே” என்றாள்.

வார்டில் எப்படி நடக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருவார். நோயாளி சொல்கிற நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சான்று தருவார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவோம். அந்த வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு, அந்த நேரத்தில் அவள் சொல்கிற சொல்லை வைத்து ஒருவன் சிறைக்குப் போகலாம். ஆனால் நான் பார்த்தவரை அந்தச் சில நிமிஷத்திலும் பெண்கள் தங்களைப் பற்றிப் பேசுவது அபூர்வம். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு, அடுப்பு வெடித்தது என்பார்கள். முதல் நாள் ராத்திரி என்னிடம் வேறு ஒன்றைச் சொன்னவர்களும் காலையில் அடுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ரேவதி அதிகம் பேசாமல் இருப்பது நான் பார்த்த உண்மையோடு பொருந்துகிறது என்றேன்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அங்கே பேச முடியலை, சரி. கதையிலயாவது அவளைப் பேச விட்டிருக்கலாமே அக்கா” என்றாள்.

பெரியவருக்கும், மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவருக்கும் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. இவளுக்கு இல்லை. இமையம் மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் நைட் டூட்டியில் யாராவது ஒரு பெண் பேச வாயெடுத்தால், ட்ரிப்பை மாற்றிவிட்டு நகர்ந்துவிடாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.