மூன்று கம்பிகள் வழியே ஜிடிபி: ஓடும் மோட்டாரை நிறுத்தாமல் பிழை தேடிய அனுபவம்

நான் பிழை தேட வேண்டியிருந்த போர்டு, ஒரு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் இருந்தது. அதன் மூளை, 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ்-எம்3 வகை மைக்ரோகண்ட்ரோலர். பராமரிப்புக்காகப் பெட்டியின் பக்கவாட்டில் ஒன்பது முனைகள் கொண்ட சீரியல் சாக்கெட் ஒன்று உண்டு. அதில் உண்மையில் இணைக்கப்பட்டிருந்தவை மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்ட் ஒன்று. சிப்பை நேரடியாக நிறுத்திச் சோதிக்க உதவும் ஜேடேக் முனைகள் வெளியே கொண்டுவரப்படவில்லை. கோளாறோ, மேசையில் வைத்து ஓட்டினால் தலைகாட்டாத ரகம். மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடும் மோட்டார் திடீரென ஒரு கணம் வேகம் எகிறி, பிறகு தானாகவே அடங்கிவிடும்.

ஜேடேக் கிடைத்திருந்தாலும் தயங்கியிருப்பேன். அந்த வழியில் பிரேக்பாயின்ட், அதாவது நிரல் நிற்க வேண்டிய இடம், ஒன்றை வைத்தால் அங்கே செயலி மொத்தமாக உறைந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் டிரான்சிஸ்டர்கள் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே நின்றுவிடலாம். மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். அதனால் கார்டெக்ஸ்-எம்3இல் உள்ள ‘டீபக் மானிட்டர்’ வசதியைத் தேர்ந்தெடுத்தேன். இதில் பிரேக்பாயின்ட் வந்தால் செயலி உறைவதில்லை. இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அவசர அழைப்பு) வந்தது போல, நாம் எழுதிவைத்த ஒரு நிரலுக்குள் நுழைகிறது. அதைவிட உயர்ந்த முன்னுரிமை கொண்ட இன்டரப்டுகள் வழக்கம்போல வேலை செய்கின்றன. மின்னோட்டத்தைக் கவனிக்கும் இன்டரப்டை மேலே வைத்து, டீபக் மானிட்டரை அதற்குக் கீழே வைத்தேன். மோட்டார் சுழலும், மீதி நிரல் மட்டும் நின்று என் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

பதில் சொல்ல, போர்டுக்குள் ‘ஸ்டப்’ என்ற சிறு நிரல் வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி, தொலைவில் உள்ள இலக்கோடு பேசுவதற்கென்று ஒரு நெறிமுறையை வைத்திருக்கிறது. 68000, ஸ்பார்க், இன்டெல் 386 ஆகிய செயலிகளுக்கான மாதிரி ஸ்டப்கள் ஜிடிபியின் மூல நிரலிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு எனக்கானதை நானே எழுதினேன்.

இந்த நெறிமுறையை நான் மிகவும் மதிக்கிறேன், காரணம் அதை மனிதக் கண்ணால் வாசிக்க முடியும். ஒவ்வொரு பாக்கெட்டும் டாலர் குறியில் தொடங்குகிறது, பிறகு செய்தி, பிறகு # குறி, பிறகு இரண்டு பதினறும இலக்கங்களில், செய்தி கெட்டதா என்று காட்டும் செக்சம். செய்தியில் உள்ள எழுத்துகளின் மதிப்புகளைக் கூட்டி 256ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தச் செக்சம். செயலியின் உள் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களைக் கேட்கும் பாக்கெட், ‘ஜி’ என்ற ஒற்றை ஆங்கிலச் சிறிய எழுத்து. அதன் ஆஸ்கி மதிப்பு பதினறும எண்ணில் 67. எனவே செக்சமும் 67. சரியாகக் கிடைத்தால் + குறி, கெட்டுப்போயிருந்தால் − குறி பதிலாக வரும். கணக்குப் போடும் கருவிகூட இல்லாமல் ஒரு பாக்கெட் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். ஜிடிபியில் ‘செட் டீபக் ரிமோட் 1’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டால் போகும், வரும் எல்லாப் பாக்கெட்டுகளையும் திரையில் காட்டும். ஸ்டப் எழுதுகிறவர்கள் இதை முதல் நிமிடத்திலேயே இயக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரியாக நடக்கும் உரையாடல் எப்படி இருக்கும் என்று பார்க்க, செயலியைக் கணினிக்குள்ளேயே போலச்செய்யும் க்யூஎமுவில் ஒரு நிரலை ஓட்டி, 1234ஆம் போர்ட் வழியாக ஜிடிபியை இணைத்து, அந்தப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தபோதெல்லாம் கையேட்டைவிட அந்தப் பதிவே விரைவாகப் பதில் சொன்னது.

ஆனால் நெறிமுறைக்கு முன் கம்பி இருக்கிறது. பெட்டியின் சாக்கெட்டில் வருவது ஆர்எஸ்-232 மின்னழுத்தம்: மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் 1, பிளஸ் பக்கம் இருந்தால் 0. போர்டுகளில் நேரடியாகச் செருகும் 3.3 வோல்ட் யுஎஸ்பி கேபிளை இங்கே மாட்டக் கூடாது. ஆர்எஸ்-232 கேபிளை எடுத்து, அதன் முனையில் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் ஒன்றோடொன்று தொட வைத்து, டெர்மினலில் தட்டிய எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. கேபிள் நல்லது என்று உறுதியான பிறகே பெட்டியில் செருகினேன்.

பெட்டியிலிருந்து வந்தது குப்பை. வேகம் வினாடிக்கு 115200 பிட் என்று இரு பக்கமும் எழுதியிருந்தது. இந்த இடத்தில் ஜிடிபியை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். போர்டிலிருந்து ‘யூ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தொடர்ந்து அனுப்ப வைத்தேன். அதன் மதிப்பு பதினறும எண்ணில் 55. பிட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறுவதால், திரையில் ஒழுங்கான சதுர அலை வரும், ஒரு பிட்டின் அகலத்தை நேராக அளந்துவிடலாம். 115200க்கு அது ஏறத்தாழ 8.7 மைக்ரோவினாடி இருக்க வேண்டும். அளந்தால் சரியாக 8. அந்தச் சிப்பின் சீரியல் பகுதி 8 மெகாஹெர்ட்ஸை முதலில் 16ஆல், பிறகு ஒரு முழு எண்ணால் வகுக்கிறது. தேவைப்பட்ட எண் 4.34, கிடைத்தது 4. அதனால் உண்மையான வேகம் 125000. எட்டரை சதவீதம் அதிகம். ஒரு பைட்டின் கடைசி பிட் வருவதற்குள் பெறுபவர் தடம் மாறிவிடுவார். 38400க்கு இதே கணக்கைப் போட்டால் வகுக்கும் எண் 13.02 வருகிறது, 13 என்று வைத்தால் பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். ‘செட் சீரியல் பாட் 38400’ என்று ஜிடிபிக்கும் சொன்னேன். குப்பை அன்றோடு ஒழிந்தது.

அடுத்த தொல்லை லினக்ஸ் பக்கத்திலிருந்து. யுஎஸ்பி கேபிளைச் செருகியதும், நான் எதையும் அனுப்பாமலே ஸ்டப்புக்கு ஏதோ எழுத்துகள் வந்தன. செருகியிருப்பது மோடமா என்று தெரிந்துகொள்ள, ஒரு பின்னணிச் சேவை மோடம் கட்டளைகளை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சாதனத்தைத் தொடாதே என்று அதற்கு ஒரு விதி எழுதினேன். அதைவிட முக்கியமாக, டாலர் குறி வரும்வரை வருவதையெல்லாம் வீசி எறியும்படி ஸ்டப்பை மாற்றினேன். எந்த ஸ்டப்புக்கும் இந்தக் குணம் கட்டாயம் வேண்டும்.

இப்போது ‘டார்கெட் ரிமோட்’ கட்டளைக்கு உயிர் வந்தது. ஜிடிபி எடுத்த எடுப்பில் பல கேள்விகள் கேட்கும்: உனக்கு எவையெல்லாம் தெரியும், திரெட்டுகள் உண்டா, ஏன் நின்றாய்? தெரியாத கேள்விக்கு மௌனமாக இருக்கக் கூடாது; வெற்றுப் பாக்கெட் ஒன்றை, அதாவது $#00 என்பதை, அனுப்ப வேண்டும். அதைக் கண்டதும் இந்த வசதி இல்லை என்று ஜிடிபி புரிந்துகொண்டு வேறு வழிக்குப் போய்விடும். பதிலே வராவிட்டால் இரண்டு வினாடி காத்திருந்து அதையே மறுபடி அனுப்பும். தாமதமாக வரும் பழைய பதிலும் புதிய பதிலும் கலந்து ஒரே குழப்பமாகிவிடும். ஸ்டப் நிலைபெறும்வரை ‘ரிமோட்டைம்அவுட்’ மதிப்பை 10 என்று வைத்துக்கொண்டது எனக்கு உதவியது. மூன்று கம்பிகளில் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லத் தனிக் கம்பி கிடையாது. ஆகவே என் பாக்கெட்டின் உச்ச அளவு பதினறும எண்ணில் 190, அதாவது 400 பைட் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். ஜிடிபி அதைத் தாண்டவில்லை.

ரெஜிஸ்டர்கள் தனிக் கதை. ஆர்ம் செயலிகளுக்கான பழைய அமைப்பில், இந்தச் சிப்பில் இல்லவே இல்லாத எட்டு மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களுக்கும் தலா 12 பைட் இடம் உண்டு. மொத்தம் 168 பைட். கார்டெக்ஸ்-எம் வகைக்குத் தேவையானவை 17 ரெஜிஸ்டர்கள், 68 பைட். ஸ்டப் தன்னிடம் உள்ள ரெஜிஸ்டர்களை விவரிக்கும் ஒரு எக்ஸ்எம்எல் குறிப்பை ஜிடிபிக்குக் கொடுத்துவிட்டால் இதில் ஊகத்துக்கு இடமிருக்காது. பைட் வரிசையும் கவனத்துக்கு உரியது. நிரல் நிற்கும் முகவரி 08001234 என்றால், இந்தச் சிப்பில் கம்பியில் போக வேண்டியது 34120008. மனிதர் வாசிக்கும் வரிசையிலேயே அனுப்பினால், இல்லாத முகவரியில் நிரல் நிற்பதாக ஜிடிபி காட்டும்.

எல்லாம் சரியான பிறகும் ஒவ்வொரு அடி வைப்பதும் சோம்பலாக இருந்தது. 38400 வேகத்தில், தொடக்க, முடிவு பிட்டுகளைச் சேர்த்தால் வினாடிக்கு 3840 பைட் போகும். ரெஜிஸ்டர் பதில் 140 எழுத்து. அதற்கு 36 மில்லிவினாடி. ஆனால் உண்மையான தாமதம் அதைவிட அதிகம். பரவலாகப் புழங்கும் ஒருவகை யுஎஸ்பி சீரியல் சிப், பெற்ற சிறு செய்தியைக் கணினிக்குத் தள்ளுவதற்கு முன் 16 மில்லிவினாடி காத்திருக்கிறது. ஒற்றை + குறிக்கும் அதே காத்திருப்பு. லினக்ஸில் அதை 1 மில்லிவினாடியாகக் குறைக்க ஒரு கோப்பு இருக்கிறது, குறைத்தேன். பிறகு, + குறிகளே வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முறையை ஸ்டப்பில் சேர்த்தேன். மின்னிரைச்சல் மிகுந்த இடத்தில் இது துணிச்சல்தான். மோட்டார் ஓடும்போது ஒரு மணி நேரம் பாக்கெட்டுகளை ஓடவிட்டு, ஒரு செக்சம்கூடத் தவறவில்லை என்று பார்த்த பிறகே செய்தேன். நின்றதைச் சொல்லும் பாக்கெட்டிலேயே முகவரியையும் ஸ்டாக் சுட்டியையும் சேர்த்து அனுப்பினால், பல சமயம் மற்ற ரெஜிஸ்டர்களைக் கேட்கும் தேவையே ஏற்படாது.

பெட்டியின் பழைய நிரல் இதே கம்பியில்தான் தன் செய்திகளையும் எழுதிக்கொண்டிருந்தது. பாக்கெட்டின் நடுவே ‘வெப்பநிலை 41’ என்று வந்து விழுந்தால் செக்சம் என்ன ஆகும்? அந்தச் செய்திகளை ‘ஓ’ வகைப் பாக்கெட்டில் பொதிந்து அனுப்பினேன். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் அப்படிப்பட்ட பாக்கெட்டை ஜிடிபி தன் திரையிலேயே அச்சிட்டுவிடும்.

பிரேக்பாயின்ட்டுகளில் ஒரு தடை போட்டேன். நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், கட்டளையை மாற்றி எழுதும் முறை எளிதல்ல. வன்பொருளில் உள்ள ஆறு ஒப்பீட்டு இடங்கள்தாம் கைவசம். டீபக் மானிட்டரைவிட உயர்ந்த முன்னுரிமையில் ஓடும் நிரலில் பிரேக்பாயின்ட் தட்டுப்பட்டால், அது ஹார்டு ஃபால்ட் என்ற கடும் பிழையாக மாறிவிடும். மோட்டார் ஓடும்போது அதற்கு இடம் கொடுக்க முடியாது. எனவே அந்த இன்டரப்ட் நிரலின் முகவரி வரம்புக்குள் பிரேக்பாயின்ட் கேட்டால், ஸ்டப் பிழைப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும்.

கருவி தயாரானது. வேக இலக்கைச் சேமிக்கும் மாறியின்மீது, அது எழுதப்படும்போது நிறுத்தும் வாட்ச்பாயின்ட் ஒன்றை வைத்தேன். அது மில்லிவினாடிக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. ‘வரம்பைத் தாண்டினால் மட்டும் நில்’ என்ற நிபந்தனையைக் கணினியில் சோதித்தால், மாறி எழுதப்படும் ஒவ்வொரு முறையும் கம்பியில் போய்வர வேண்டும். அந்த வேகத்துக்குச் சீரியல் இணைப்பு தாங்காது. ஆகவே நிபந்தனையை ஸ்டப்புக்குள்ளேயே வைத்து, வரம்பை ஜிடிபியின் ‘மானிட்டர்’ கட்டளை வழியே அனுப்பினேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மின்பணியாளர் அருகில் வந்து, “சார், நிற்கும்போது பெல்ட் அறுந்துவிடாதே?” என்று கேட்டார். “மோட்டார் நிற்காது அண்ணா, கணக்குப் போடும் பகுதி மட்டும்தான் நிற்கும்” என்றேன். மாலைக்குள் அது நின்றது.

கடந்த நேரத்தைக் குறிக்கும் மாறியில் 4294902760 என்று இருந்தது. 32 பிட்டின் முழு அளவான 4294967296இலிருந்து இதைக் கழித்தால் 64536. ஒரு சுற்றுக்கான 1000 மைக்ரோவினாடியைக் கூட்டினால் 65536. அதற்குமேல் தேட வேண்டியிருக்கவில்லை. வன்பொருள் டைமர் 16 பிட். அது நிரம்பி வழியும்போது ஒரு இன்டரப்ட் வழிதல் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நேரம் வாசிக்கும் நிரல் முதலில் எண்ணிக்கையையும் அடுத்து டைமரையும் படிக்கிறது. இரண்டுக்கும் நடுவே டைமர் வழிந்தால், பழைய எண்ணிக்கையும் புதிய டைமரும் சேர்ந்து, காலம் 65536 மைக்ரோவினாடி பின்னோக்கிப் போய்விடுகிறது. குறியில்லாத கழித்தலில் அது மிகப் பெரிய எண்ணாகி, வேக இலக்கை உச்சத்துக்குத் தள்ளுகிறது. எண்ணிக்கை, டைமர், மறுபடி எண்ணிக்கை என்று படித்து, இரண்டு எண்ணிக்கைகளும் வேறுபட்டால் திரும்பப் படிக்கும்படி மாற்றினேன். எகிறல் மறைந்தது.

ஸ்டப்பை நிரலிலிருந்து நீக்கவில்லை. ஆனால் இந்த நெறிமுறையில் கடவுச்சொல் கிடையாது. சாக்கெட்டில் கேபிளைச் செருகும் எவரும் நினைவகத்தைப் படிக்கலாம், மாற்றி எழுதலாம். அதனால் போர்டில் ஒரு ஜம்பர் பொருத்தப்பட்டிருந்தால் மட்டுமே ஸ்டப் விழிக்கும். ஜம்பரைப் போட வேண்டுமென்றால் பெட்டியின் மின்சாரத்தை அணைத்து, மூடியைக் கழற்றியாக வேண்டும்.