எம்.ஆர்.ஐ மேசையில் கதீட்டர்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 8

எக்ஸ்-ரேக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ படத்தைப் பார்த்தபடி, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தும் வேலை இது. 1.5 டெஸ்லா (காந்தப்புல அலகு) காந்தத்தை அணைத்துவிட்டு வேலை பார்க்க முடியாது. அதனால் தொடையில் ஷீத் (கதீட்டர் நுழையும் வாயில் குழாய்) போடுவதை வெளியே, 5 காஸ் கோட்டுக்கு (காந்தப்புலம் மிகவும் குறைந்துவிடும் எல்லை) அப்பால், அல்ட்ராசவுண்ட் பார்த்தே முடித்துவிடுவது நல்லது. ஊசி, கத்தரி, கிளாம்ப் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்த பிறகே மேசை உள்ளே நகர வேண்டும். போர்வை மடிப்பையும் உதறிப் பார்க்கவும். தவறிய கிளாம்ப் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஜனவரி 15

கதீட்டருக்கு வழிகாட்டும் உலோகக் கம்பியான கைடுவயர்தான் இந்தத் துறையின் முட்டுக்கட்டை. 1.5 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். உடல் திசுவுக்குள் அதன் அலைநீளம் ஏறக்குறைய அரை மீட்டர். உள்ளே இருக்கும் கம்பி அதில் பாதியை, அதாவது 25 செ.மீ. அளவை, நெருங்கினால் ஆன்டெனாவாகி முனையில் சூடேறும். தள்ளத் தள்ள உள்ளே இருக்கும் நீளம் மாறுவதால் 'இந்த இடம் வரை பயமில்லை' என்று கோடு போட முடியாது. கைடுவயர் செய்யும் 'நிட்டினால்' என்ற உலோகக் கலவை காந்தத்தால் இழுக்கப்படாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். பலர் சறுக்குவது இங்கேதான். உலோகப் பின்னல் உள்ள கதீட்டரும், உள்ளே செம்புக் கம்பி ஓடும் தெர்மிஸ்டர் (வெப்ப உணரி) வகை ஸ்வான்-கான்ஸ் கதீட்டரும் இதே காரணத்தால் விலக்கு.

இதற்கு ஒரு வழி காந்தப்புலத்தைக் குறைப்பது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனக் குழு 1.5 டெஸ்லா கருவி ஒன்றை 0.55-க்கு இறக்கி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றல் புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே மற்றவை மாறாதபோது அது ஏழில் ஒரு பங்காகிறது.

ஜனவரி 22

வலது இதயத்துக்கு நுனியில் பலூன் உள்ள, உலோகமில்லாத பலூன் வெட்ஜ் கதீட்டரே போதும். பலூனில் கரியமில வாயு நிரப்பினால் படத்தில் கரும்புள்ளி. நீர்த்த கடோலினியம் (எம்.ஆர்.ஐ படத்தில் பளிச்சிடும் மருந்து) நிரப்பினால் வெண்புள்ளி. நுரையீரலுக்குப் பக்கத்தில் கரும்புள்ளி தொலைந்துபோகும், அதனால் வெண்புள்ளிதான் எங்கள் தேர்வு. சாச்சுரேஷன் பல்ஸ் (சுற்றியுள்ள திசுவின் சிக்னலை அடக்கும் ரேடியோ துடிப்பு) கொடுத்தால் ரத்தம் மங்கி பலூன் மட்டும் பளிச்சிடும். அளவாகக் கொடுக்க வேண்டும்: அதிகமானால் இதயச் சுவரும் மறைந்துவிடும், முனை எந்த அறையில் நிற்கிறது என்றே சொல்ல முடியாது.

திரவம் நிரப்பிய பலூன் சுருங்க நேரம் பிடிக்கும். வெட்ஜ் அழுத்தம் (பலூன் நுரையீரல் தமனிக் கிளையை அடைத்திருக்கும்போது முனையில் கிடைக்கும் அழுத்தம்) எடுத்ததும் திரவத்தை முழுதாக உறிஞ்சிய பிறகே இழுக்கவும். இல்லாவிட்டால் வால்வு நாண்களில் மாட்டும்.

ஜனவரி 29

இத்தனை பாடும் எதற்கு? அழுத்தமும் ரத்த ஓட்டமும் ஒரே நிலையில் கிடைக்கும் என்பதற்கு. எக்ஸ்-ரே பார்த்துச் செய்யும் கேத் லேபில் ஆக்சிஜன் நுகர்வை அட்டவணையிலிருந்து எடுத்து ஓட்டத்தைக் கணக்கிடும் பழக்கம் உண்டு. பிழை அங்கேயே நுழைகிறது. சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், வெட்ஜ் 10, ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் நுரையீரல் ரத்தக்குழாய்களின் தடை (40 − 10) ÷ 5 = 6 வுட் யூனிட் (தடையின் அலகு). ஓட்டம் 4 என்றால் 7.5. இதயத் தடுப்புச் சுவரில் உள்ள துளையை மூடலாமா என்ற முடிவு இந்த இடைவெளியில் புரண்டுவிடும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்ற எம்.ஆர்.ஐ படவகை ஓட்டத்தை நேரடியாக அளக்கிறது. லண்டன் கைஸ் மருத்துவமனைக் குழு 2003-இல் குழந்தைகளிடம் இம்முறையைக் காட்டியபோதே, கதிர்வீச்சு குறைவதோடு இந்தப் பலனும் தெரிந்தது.

பிப்ரவரி 5

காந்தத்துக்குள் ஓடும் ரத்தமே மின்னழுத்தம் உண்டாக்குவதால் ஈசிஜியில் டி அலை பூதாகரமாகும், எஸ்.டி பகுதியை (இதயத் தசைக்கு ரத்தம் குறைவதைக் காட்டும் பகுதி) நம்ப வேண்டாம். அழுத்த அலையைப் பாருங்கள். இதயம் நின்றால் நெஞ்சழுத்தம் தொடங்கியபடியே மேசையை வெளியே இழுக்கவும், டீஃபிப் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) அங்கேதான். காந்தத்தை அவசரமாக அணைக்கும் க்வென்ச் பொத்தானைத் தொடாதீர்கள். புலம் இறங்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.