பத்து சதவீதக் குடும்பம்

கிசான் கார்டு என்று எல்லோரும் அழைக்கிற உழவர் கடன் அட்டைத் திட்டம் 1998-இல் வந்தது. ஒரு விவசாயிக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு அதில் ஒரு கணக்கு உண்டு. பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயித்த தொகையைச் சாகுபடிப் பரப்பால் பெருக்க வேண்டும். அதனுடன் பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதமும், அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதமும், பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் சேர்க்க வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராம வங்கிக் கிளை ஒன்றில் விவசாயக் கடன் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில் இந்தக் கணக்கை எத்தனையோ கோப்புகளில் போட்டிருக்கிறேன். ஒரு விவசாயியின் குடும்பம் முழுவதும், அதாவது பிள்ளைகளின் படிப்பு, தாயின் மருந்து, தங்கையின் சீர், குலசாமி கும்பிடு எல்லாமும், அந்தப் பத்து சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்று படிவம் எதிர்பார்த்தது. அறுவடைக்குப் பிந்தைய செலவும் அதே பத்தில்தான் பங்கு கேட்டது.

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தலைகீழானது என்பதை எனக்குப் புரியவைத்தவர் கள்ளந்திரிக்குக் கீழே ஒரு சிற்றூரைச் சேர்ந்த மூன்று ஏக்கர் விவசாயி. அந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், 1959 முதல் வைகை அணையில் தேக்கப்பட்டுப் பேரணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் வருகிறது. கள்ளந்திரி வரையுள்ள சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் விரிகிற சுமார் 85,000 ஏக்கர் ஒருபோகப் பாசனம். இருபோகக்காரருக்கு ஒரு போகம் தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஒருபோகக்காரர் செப்டம்பர் நடுவில் கால்வாயில் தண்ணீர் திறப்பார்களா என்று அணையின் இருப்பை நாளிதழில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; திறந்தால் தை, மாசியில் அறுவடை, இல்லாவிட்டால் அந்த ஆண்டு கிணறு விட்ட வழி.

கள ஆய்வுக்காக முதன்முறை அவர் வீட்டுக்குப் போனபோது வரவு செலவு கேட்டேன். மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முன்பக்கங்களில் பிள்ளையின் அறிவியல் படங்கள். பின்னாலிருந்து திருப்பினால் அவருடைய கணக்கு. டி.ஏ.பி. உரம் இரண்டு மூட்டை, அம்மாவுக்கு மாத்திரை, நடவுக் கூலி, பையனுக்குச் செருப்பு, தவிடு, டிராக்டர் வாடகை, வேன் பீஸ் என்று எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கூட்டுத்தொகையில் போய்க்கொண்டிருந்தன. சாகுபடிச் செலவைத் தனியாக எழுதக் கூடாதா என்று கேட்டதற்கு, "தனியா எப்பிடி சார் பிரிக்கிறது? பிள்ளைக பீசுக்குத்தான வெவசாயமே" என்றார். வரவுப் பக்கத்திலும் அதே கலப்புதான். நெல் விற்ற பணத்துக்குக் கீழே பால் சங்கத்தில் வந்த பணம் இருந்தது. ஆனால் அதன் அருகே ஒவ்வொரு முறையும் மனைவியின் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். மாட்டைப் பார்ப்பது அந்த அம்மா என்பதால் பால் காசு அவருடையது, தேவைப்பட்டால் கேட்டு வாங்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். கடன் எவ்வளவு, கெடு எப்போது என்ற கேள்விகளுக்கு அவர் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி பதில் சொல்லிவிட்டார். கெடுவுக்குள் கட்டினால் 7 சதவீத வட்டியில் 3 குறைந்து 4 சதவீதம்தான் ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னார். கணவர் வங்கியில் கடன் வாங்கியிருப்பதே தெரியாத மனைவிமார் பலரை அந்த வேலையில் பார்த்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் நிலத்தைப் பற்றித்தான் பேசும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கடன் விவரம் தெரிந்திருக்கிறதா என்பது எந்தச் சான்றிலும் வராது. பின்னாளில் எந்த விவசாயி வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கண்டறிய முயன்றது இதைத்தான். தெரிந்திருந்த வீடுகளில் பெரும்பாலும் நான் வசூலுக்கென்று போக நேர்ந்ததில்லை.

அவருடைய ஆண்டு புரட்டாசியில் தொடங்கும். நாற்றுக்கும் உழவுக்கும் கடன் பணம் போக, பற்றாக்குறைக்கு மனைவியின் சங்கிலி எங்கள் கிளைக்கே நகைக்கடனுக்கு வரும். மாசியில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களாக நெல்லைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் முதல் வேலையாகச் சங்கிலியைத் திருப்பிக்கொண்டு போவார். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிக் களத்தில் காவல் இருந்து கிளறிவிடுவார்கள். முறைப்பாசனத்தில் அவருடைய மடைக்கு நள்ளிரவில் முறை வருவதுண்டு. மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டில், வண்டிச் சத்தத்தில் பிள்ளையின் தூக்கம் கெட்டுவிடும் என்று டி.வி.எஸ். எக்ஸெல்லைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைப்பார் என்று அவர் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கவாதத்தில் விழுந்த தாயைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் காலையில் வயலுக்குப் போவார். அதை மனைவியின் வேலை என்று அவர் ஒருபோதும் ஒதுக்கியதில்லை. கிராமத்தில் இதைச் சிலர் கேலியும் செய்தார்கள்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அவர் கிணற்றை நம்பி ஓர் ஏக்கரில் மட்டும் நட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் கிணறு கைவிட்டது. பயிர் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணைகளில் செலுத்தலாம் என்பது விதி. ஆனால் அப்படி மாற்றினால் நான்கு சதவீதச் சலுகை தொடராது. மாட்டையும் சங்கிலியையும் விற்றால் கெடுவுக்குள் கட்டிவிடலாம். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணம் நின்றுபோகும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு வந்து, "மாத்திக் குடுங்க சார். வட்டி கூடுனா கூடட்டும், பிள்ள படிப்ப நிறுத்த முடியாது" என்றார்.

வங்கியின் கண்ணில் இது பயிர்ப் பணத்தைக் குடும்பத்துக்குத் திருப்புவது. என் கணிப்பு வேறாக இருந்தது. மாட்டை விற்றிருந்தால் அடுத்த ஆண்டு எருவும் இல்லை, பால் காசும் இல்லை. படிப்பை நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் யாருக்காக உழவேண்டும் என்ற கேள்வி வந்திருக்கும். பரிந்துரை எழுதினேன்; தவணைகள் ஒன்றும் பிசகாமல் வந்து சேர்ந்தன. இதற்கிடையே, 2016-இல் அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவுச் சங்கங்களில் சிறு, குறு விவசாயிகள் வாங்கிய கடனைத்தான் என்பதால், பக்கத்து வயல்காரருக்குக் கடன் தீர்ந்துபோக, வங்கியில் வாங்கிய இவர் கட்டிக்கொண்டிருந்தார். 2021-இலும் இதே கதை. இரண்டாம் முறை நானே சங்கடத்துடன் பேச்செடுத்தபோது, "சங்கத்துல வாங்குனவனுக்கு யோகம். அதுக்காக நான் கட்டாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தைப் பிடித்தாயிற்றா என்று விசாரிக்கத் தொடங்கினார். 2020 முதல் கடன் வாங்கிய விவசாயிகளுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்று ஆனபோதும், சம்பா நெல்லுக்கான 1.5 சதவீதப் பிரீமியத்தை அவர் விடவில்லை. இழப்பைத் தன் வயலை வைத்துப் பார்க்காமல் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடுவதில் மட்டும் அவருக்கு மனக்குறை உண்டு. அது நியாயமான குறை என்றே நானும் நினைக்கிறேன்.

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது; திருமணமும் ஆனது. மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் திருப்பூரில் இருந்து, பிறகு ஊருக்கே திரும்பி அப்பாவுடன் வயலில் இறங்கினான். அந்தச் சமயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். மூன்று ஏக்கரில் ஒன்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மீதியை மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஓர் ஏக்கராகச் செட்டில்மெண்ட் எழுதினார். பெண்ணுக்குச் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தமாக வந்துவிட்டது. ஆனால் எங்கள் கிளைக்கு வந்த பட்டாக்களில் திருமணமான மகளின் பெயரைப் பார்ப்பது அரிதாகவே இருந்தது. கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு நகை போட்டாயிற்று, நிலம் எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்களாம். "நட்ட நடவுல பாதி அவ நட்டது" என்று பதில் சொன்னதாக மகன்தான் என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவனிடம் வருத்தம் எதையும் நான் காணவில்லை.

அடுத்த கடன் புதுப்பித்தலுக்கு மூவருடைய பட்டாவும் கோப்பில் வைக்கப்பட்டன. மகள் சென்னையிலிருந்து விடுப்பில் வந்து கையெழுத்திட்டாள். மூன்று ஏக்கருக்கான வரம்பு அந்த ஆண்டு உயர்ந்திருந்தது. தேவையான அளவுக்கு மட்டும் போடுங்கள் என்று பிள்ளைகளின் தாய் சொன்னதால், உயர்ந்த தொகையை எடுக்காமல் பழைய தொகைக்கே விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தார்கள்.