சுங்கை சிப்புட் பயணமும் வராத ஓடிபியும்

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்து மாரியம்மன் கோவில் படியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். வங்கியின் ஓடிபி வரவில்லை. அந்த இரவை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. சொந்தபந்தங்களைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து மலேசியத் தோட்டங்களுக்குப் போகிற வேறு யாருக்கும் இந்த அவதி வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் தங்கை கல்யாணமாகி அங்கே போய் நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. அக்காவையும் தங்கையையும் ஒருமுறை நேரில் உட்கார்த்திப் பேசவைக்க வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். எங்களுக்கு விசா தேவைப்படவில்லை. மலேசிய வருகை அட்டையை அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருந்தோம். குடிநுழைவுச் சோதனையிலும் ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை விமான நிலையத்து சிம் கடையில் தொடங்கியது. "தோட்டத்துக்குப் போகிறோம், அங்கே எடுக்குமா?" என்று கேட்டேன். கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மலேசியா முழுக்க எடுக்கும்" என்றான். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்துப் பதிவு செய்தான். என் கைப்பேசியின் சிம் தட்டை ஊசியால் குத்தி வெளியே இழுத்தான். இந்திய சிம்மை எடுத்து ஒரு துண்டு அட்டையில் செல்லோடேப்பால் ஒட்டி என் கையில் கொடுத்தான். தட்டில் இரண்டாவது சிம்முக்கான இடம் காலியாகத்தான் இருந்தது. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்ததால் எனக்கு அது உறைக்கவில்லை. துண்டு அட்டையைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு பணப்பையில் வைத்துவிட்டேன்.

ரயிலில் இணையம் அருமையாக ஓடியது. ஈப்போ தாண்டும்வரை அம்மா என் கைப்பேசியில் ஊரிலிருந்த அப்பாவுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் காணொளியில் காட்டிக்கொண்டே வந்தார். சுங்கை சிப்புட் நிலையத்திலும் குறையில்லை. சித்தி மகன் காரைத் தோட்டத்துச் சாலையில் திருப்பியதும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சித்தி வீட்டு வாசலில் இறங்கியபோது 'சேவை இல்லை' என்று வந்தது.

"வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா" என்றான் தம்பி. அவன் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கோபுரங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கின்றன. நடுவில் ஒரு குன்று இருந்தால் போதும், மறைத்துவிடும். போதாததற்கு ஈரம் நிறைந்த செம்பனை ஓலைகள் அலையை உறிஞ்சுகின்றன. அலையின் அதிர்வெண் உயர உயர இந்த இழப்பும் கூடுகிறது. அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் எட்டுகிறது. அதுவும் வீட்டு முன்வாசலில் ஒரு கோடு, கோவில் படியில் மூன்று கோடு. பக்கத்துத் தோட்டத்தில் எடுப்பது வேறு நிறுவனமாம். விமான நிலையத்தில் விற்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். டிக்கெட் எடுத்த அன்றே உறவினரிடம் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் சரியான சிம் வாங்கப் பட்டணத்துக்குப் போனோம். பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டைச் சித்தியின் அலமாரியில் பூட்டிவிட்டு, நகலை மட்டும் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் அதைத் தொடக்கூட இல்லை. முன்கட்டணச் சிம்மைப் பதிவு செய்யாமல் தரமாட்டார்கள். வெளிநாட்டவர் என்றால் அசல் பாஸ்போர்ட்டையே நீட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏழு கிலோமீட்டர் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்து வெள்ளிதான் (ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்பார்கள்). விமான நிலையத்தில் நாற்பது வெள்ளி கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்குக் கோவில் படியில் கட்டணம் கட்ட உட்கார்ந்தேன். பணம் என் கணக்கில்தான் இருந்தது, கணவரின் கணக்கில் அவ்வளவு இல்லை. எண், கடவுச்சொல் எல்லாம் சரியாகப் போட்டேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த எண்ணோ திருநீற்றுப் பொட்டலத்தோடு கிடந்தது!

சித்தி முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சிம்மைப் பிரித்தால் பொன்னிறத் தகட்டின் மேல் செல்லோடேப்பின் பசை படிந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்து உள்ளே போட்டோம். அப்போதும் 'சேவை இல்லை'. புறப்படுமுன் அந்த எண்ணுக்கு, வெளிநாட்டிலும் அது வேலை செய்வதற்கான ரோமிங் வசதியைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்திய சிம் நிறுவனத்தின் செயலியில் போட்டுவிடலாம் என்று அதைத் திறந்தேன். உள்ளே நுழைய அதே எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. வாடிக்கையாளர் சேவையின் அரட்டையில் வந்தவரிடம் நிலைமையை விளக்கினேன். "அந்த எண்ணிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்" என்றார். எண் வேலை செய்யவில்லை என்பதுதானே என் புகார்! மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அதே பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சித்தி காபி டம்ளரை என் கையில் வைத்துவிட்டு, "அங்கே இப்போது மணி என்ன அம்மாடி?" என்று கேட்டார். அப்போதுதான் மூச்சு வந்தது. இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே இரண்டரை மணி.

வாட்ஸாப் மட்டும் பழைய எண்ணிலேயே, புது சிம்மின் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணவரை அழைத்தேன். அவர் தன் கைப்பேசியிலிருந்தே என் எண்ணுக்கு ரோமிங் பேக் போட்டுவிட்டார். இன்னொருவர் நம் எண்ணுக்குப் போட முடியும் என்பதை அந்த அரட்டையில் யாருமே சொல்லவில்லை. அணைத்துப் போட்டும் சிம் உயிர் பெறவில்லை. தம்பி அமைப்புகளுக்குள் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் தெரிந்த உள்ளூர் நிறுவனத்தை விரலால் தொட்டான். சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டே முக்கால் மணிக்கு மலேசியாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்தது. அதை ஒட்டியே, காலாவதியான நான்கு ஓடிபிகளும் வரிசையாக வந்து விழுந்தன. ஐந்தாவதைக் கேட்டு வாங்கிப் போட்டேன். கட்டணம் போய்ச் சேர்ந்தது. தம்பி கோவில் மணியை ஒருமுறை அடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

இந்திய சிம்மைக் கழற்றவே விடாதீர்கள். ஊரிலேயே ரோமிங் போட்டு, செயலிக்குள்ளும் நுழைந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு மலேசிய சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ரோமிங்கில் வருகிற குறுஞ்செய்திக்குக் காசு இல்லை; வருகிற அழைப்பை எடுத்தால் காசு போகலாம். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு மூடிவிட்டார்கள். ஆகவே பெரியவர்களின் பழைய 3ஜி கைப்பேசியை நம்பிப் போகாதீர்கள். அம்மாவுடையது அப்படித்தான் இணையம் இல்லாமல் கிடந்தது.

தை மாதம் சித்தி புதுக்கோட்டைக்கு வருகிறார். அவருடைய மலேசிய எண்ணுக்கு ரோமிங் போட்டாயிற்றா என்று நேற்றே தம்பியிடம் கேட்டேன். திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான்.