இரண்டு கையெழுத்து

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆயர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வெஸ்ட்ரி என்கிற ஆலயப் பக்க அறையில் மேசைமேல் காணிக்கைப் பைகள் கவிழும். சபைப் பொருளாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சபைகளில் பொருளாளர் பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவருக்கோ போகும். நல்ல மனிதராகத்தான் இருப்பார். "ஐயா எண்ணினா சரியா இருக்கும், இன்னொரு ஆள் எதுக்கு?" என்று சபையார் விட்டுவிடுவார்கள். அந்த நம்பிக்கைதான் அவரை மாட்டிவிடுகிறது. நாளைக்கு ஒருவர் விரல் நீட்டினால், தான் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

பைபிளில் 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தைக் கணக்குப் பார்க்கிறவன் கண்ணோடு படிக்க வேண்டும். யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் 23-ம் வருஷம் வரைக்கும் ஆலயத்தின் பழுது பார்க்கப்படவில்லை. ஆசாரியர்கள் திருடினார்கள் என்று அங்கே எழுதவில்லை. பணம் வந்தது, வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டி எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணி முடிப்புக் கட்டுகிறார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர். வேலையாட்களுக்குக் கொடுக்கப் பணம் வாங்கியவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. தணிக்கை வேண்டாம் என்பவர்கள் இந்த ஒரு வசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு பேர் எண்ணிக் கட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை வருகிறது என்பதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

சபையிலும் எண்ணுகிறவர்கள் இரண்டு பேர். ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. பொருளாளர் எண்ணக்கூடாது, எண்ணியதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாராவாரம் ஜோடி மாற வேண்டும். சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதினால் பயனில்லை, நோட்டுவாரியாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு: 500 × 14 = 7,000; 200 × 9 = 1,800; 100 × 63 = 6,300; 50 × 48 = 2,400; 20 × 71 = 1,420; 10 × 212 = 2,120; சில்லறை 385. ஆக 21,425. கார்பன் வைத்து இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. ஒன்று பொருளாளருக்கு, ஒன்று செயலருக்கு. திங்கட்கிழமை பேங்கில் கட்டும் சலானிலும் இதே 21,425 இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் காரணம் எழுத வேண்டும்.

இந்தச் சங்கிலி அறுவது திருட்டால் அல்ல, அவசரத்தால். எலக்ட்ரீஷியன் வந்து நிற்பார், 600 ரூபாய். பை திறந்துதானே இருக்கிறது என்று அதிலிருந்தே கொடுத்துவிடுவார்கள். வரவில் 600 குறையும், செலவில் 600 ஏறாது. மொத்தம் பொருந்தும், ஆனால் அந்த வருஷம் மின்சார வேலைக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த பணம் முழுதும் பேங்குக்குப் போக வேண்டும். சில்லறைச் செலவுக்கு 3,000 ரூபாய் தனிக் கைப்பணம் வைத்து, வவுச்சர் சேர்ந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

கிழிந்த நோட்டுகளுக்குக் காணிக்கைப் பை கடைசிப் புகலிடம். கடைக்காரர் வாங்காததைக் கர்த்தருக்குப் போடுகிறோம்! ஆனாலும் குப்பையில் போட வேண்டியதில்லை, பேங்கில் மாற்றலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், மிஞ்சிய ஒரே பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி. 20, 10 ரூபாய் நோட்டுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் முழுசும் கிடைக்கும்.

அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடுவது தனி விஷயம். ஒரு கூடை இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2,000-க்குப் போகும், ஒரு எலுமிச்சம்பழம் 500-க்கு. மைக்கில் பெயர் கேட்கும்போது கை தானாக உயரும். வீட்டுக்குப் போனதும் பர்ஸ் திறக்காது. ஏலச் சீட்டில் பொருள், பெயர், கேட்ட தொகை, வந்த தொகை, பாக்கி என ஐந்து கட்டம் வேண்டும். வந்த தொகை மட்டுமே வரவு. கேட்ட தொகையை நம்பி சுற்றுச்சுவருக்கு ஜல்லி இறக்கினால், இயேசு சொன்ன உவமையில், கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பாராதவனின் கதைதான் நடக்கும்.

பேங்க் பாஸ்புத்தகமும் ஏமாற்றும். இருப்பு 4 லட்சம் என்றால் கமிட்டிக்குத் தெம்பு வரும். அதில் கட்டட நிதி 3 லட்சத்து 20 ஆயிரம், மிஷன் காணிக்கை 40 ஆயிரம் என்றால், பொதுச் செலவுக்கு உள்ளது வெறும் 40 ஆயிரம். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதம், காணிக்கை இளைக்கும். ஆலய வேலை பார்க்கும் கோயில்பிள்ளையின் சம்பளத்துக்குக் கட்டட நிதியில் 'கொஞ்சம்' எடுப்பார்கள். அவசியமானால் கமிட்டித் தீர்மானம் போட்டு, திருப்பும் தேதியோடு கடனாக எழுத வேண்டும். கொடுத்தவர் சுவருக்கென்றுதான் கொடுத்தார்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் சபைப் பிள்ளைகள் பெயின்ட் அடிக்கப் பணம் அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் தெருவில் பிறந்தவரானாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதியும், புதுடெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் வாங்கக்கூடாது. பாசத்தில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பொருளாளர் மாறும்போது ரசீதுப் புத்தகம், மிச்சச் செக்கு எண்கள், பெட்டகச் சாவி எல்லாம் கைமாறும். விட்டுப்போவது சிம் கார்டு. வாசலில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் திரையில் சபையின் பெயர் வர வேண்டும். பல இடத்தில் பழைய பொருளாளர் பெயர் வருகிறது. ஆள் மாறி ஆறு மாதமானாலும் ஓடிபி அவருடைய செல்போனுக்கே போய்க்கொண்டிருக்கும், அவர் மகள் வீட்டில் பெங்களூரில் இருந்தாலும்.